நாற்பதுகளில் கெடும் தூக்கம்: சூரணமும் மாத்திரையும் வாங்கும் முன், வாங்கிய பின்

இரவு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. கழுத்தும் மார்பும் குப்பென்று சுட்டு, நைட்டி நனைந்து, ஐந்தே நிமிடத்தில் குளிர்கிறது. அதன்பிறகு தூக்கம் வருவதில்லை. வீட்டில் சொன்னால் "எல்லாம் டென்ஷன்" என்பார்கள். போனில் தேடினால் அஸ்வகந்தா, மெக்னீசியம், மெலடோனின், ஆளி விதை என்று பத்து விளம்பரம் வந்து நிற்கும். பத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு எதை எப்போது சாப்பிடுவது என்று தெரியாமல் விழிப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இந்தத் தொல்லைக்குப் பின்னால் பெரிமெனோபாஸ் இருக்கலாம், அதாவது மாதவிடாய் அடியோடு நிற்பதற்கு முந்தைய சில வருடங்கள். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது. மேலை நாடுகளில் 51. ஆகவே 42 வயதில் தொல்லை தொடங்கினால் "இதற்கெல்லாம் இன்னும் வயசாகலை" என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

உடம்புக்குள் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. கருமுட்டை வெளிவராத மாதங்கள் கூடக்கூட புரொஜெஸ்ட்டிரோன் குறைகிறது. மூளையை அமைதிப்படுத்தித் தூங்கவைப்பதில் அந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. ஈஸ்ட்ரோஜனோ ஒரு சீராகக் குறையாமல் ஏறி இறங்கி ஆட்டம் காட்டுகிறது. அதனால் மூளையில் உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் தொட்டாற்சிணுங்கியாகிவிடுகிறது. உடம்பு இம்மி சூடானாலும் ஆபத்து என்று நினைத்து ரத்தக் குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்டவைக்கிறது. அதுதான் அந்தத் திடீர் சூடு.

முதல் படி: எது எழுப்புகிறது என்று பாருங்கள்

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். படுத்த நேரம், விழித்த நேரம், விழித்தவுடன் உணர்ந்த முதல் விஷயம். இந்த மூன்றாவதுதான் முக்கியம். சூடா, வியர்வையா? கால் குறுகுறுத்து ஆட்டவேண்டும் போல இருந்ததா? சிறுநீர் முட்டியதா? நெஞ்சு படபடத்ததா? ஒன்றுமே இல்லாமல் பிள்ளையின் பரீட்சையும் வீட்டுக் கடனும் தலைக்குள் ஓட ஆரம்பித்ததா? பக்கத்தில் படுப்பவரிடம் "நான் குறட்டை விடுகிறேனா, நடுவில் மூச்சு நிற்கிறதா" என்றும் கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டிப் பெண்களுக்கும் தூக்கத்தில் மூச்சுத்திணறல் நோய் கூடுகிறது. அதற்கு எந்த மூலிகையும் உதவாது.

நோட்டில் இன்னொன்றும் தெரியவரும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவி, மாவு ஆட்டி, பதினொன்றரைக்குப் படுத்து, டப்பா கட்ட நாலே முக்காலுக்கு எழும் பெண்ணுக்குப் படுக்கை நேரமே ஐந்தே கால் மணிதான். அதை எட்டாக்கும் மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. மாவு ஆட்டுவதை யாருக்குக் கைமாற்றுவது என்ற பேச்சை வீட்டில் தொடங்குவதுதான் இங்கே வைத்தியம்.

மாலை காபியையும் எழுதுங்கள். உடம்பில் பாதி காஃபீன் கழியவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். நாலரை மணி டிகிரி காபியில் பாதி, ஒன்பதரைக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் படி: ரத்தப் பரிசோதனை. முக்கியமாக, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின்

என்னைக் கேட்டால், சப்ளிமென்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் ஆயிரத்தை ஆய்வகத்தில் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சர்க்கரை. சைவமாக இருந்தாலோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலோ வைட்டமின் பி12-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும். முடிந்தால் வைட்டமின் டி. ஆய்வகங்கள் விற்கும் பெரிய "ஹார்மோன் பேக்கேஜ்" 45 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. இந்தக் காலத்தில் ஹார்மோன் அளவு வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு நாள் எடுத்த எண்ணை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

இரும்புச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரங்கள் இதைப் பேசுவதே இல்லை, நம் பெண்களில் பலருக்கு உண்மையில் குறைவாக இருப்பதோ இதுதான். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெரிமெனோபாஸில் கருமுட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உள்படலம் தடித்து, பிறகு மொத்தமாகக் கொட்டுகிறது. ஏற்கெனவே குறைவாக இருந்த இரும்பு அதோடு போகிறது. களைப்பு, படபடப்பு, மூச்சு வாங்குதல், முடி கொட்டுதல் எல்லாமே வரும். அத்தனையையும் "மெனோபாஸ்தானே" என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம்.

தூக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. படுத்தவுடன் காலுக்குள் எறும்பு ஊர்வது போல, ஆட்டினால்தான் சரியாகும் என்பது போல இருந்தால் அது அமைதியற்ற கால் நோயாக இருக்கலாம். இரும்புக் குறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். இங்கே ஒரு சூட்சுமம்: ஆய்வகத் தாளில் ஃபெரிட்டின் 20 என்று வந்தாலும் "நார்மல்" என்றே அச்சாகியிருக்கும். கால் தொல்லை உள்ளவர்களுக்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்கின்றன தூக்க மருத்துவ வழிகாட்டுதல்கள். அந்த எண்ணைச் சுட்டிக்காட்டி மருத்துவரிடம் கேளுங்கள்.

இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் உடம்பு அதைக் கூடுதலாக உறிஞ்சுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறையலாம். உங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் கூட வேண்டாம்.

டி.எஸ்.எச். பற்றி ஒரே வரி: தைராய்டு கூடினாலும் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, மாதவிடாய் மாற்றம் அத்தனையும் அச்சாக இப்படியே வரும்.

மூன்றாம் படி: காரணத்துக்கு ஏற்ற சரக்கு

*சூடு எழுப்பினால்*

இங்கே பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். திடீர் சூட்டுக்கு என்று விற்கும் மூலிகைகளில் பெரும்பாலானவை, ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்ததாக நிரூபணமாகவில்லை. அமெரிக்காவின் மெனோபாஸ் சொசைட்டி 2023-ல் வெளியிட்ட அறிக்கை, சூட்டுக்காக சப்ளிமென்ட்டுகளையும் மூலிகைகளையும் பரிந்துரைக்கவில்லை. "எனக்குக் கேட்டதே" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த ஆய்வுகளில் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே சூடு கணிசமாகக் குறைந்திருக்கிறது. காலப்போக்கில் தானாகவும் குறையும்.

ஓரளவு தேறுவது சோயா. அதிலுள்ள ஐசோஃப்ளேவோன்கள் ஈஸ்ட்ரோஜனைப் போல லேசாக நடிக்கக்கூடியவை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012-ம் ஆண்டுக் கணக்கில், தினம் 50 மில்லிகிராம் அளவில் எடுத்தவர்களுக்குப் போலி மாத்திரைக்காரர்களைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகச் சூடு குறைந்தது. மேலே சொன்ன 2023 அறிக்கை சோயாவையும் பரிந்துரைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடலிலுள்ள கிருமிகள் அதை ஈக்வால் என்ற பொருளாக மாற்றினால்தான் முழுப்பலன் என்றொரு கருத்து உண்டு. எல்லோருக்கும் அந்தக் கிருமிகள் இருப்பதில்லை. மாத்திரைக்கு முன் உணவாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்பது என் கட்சி. காய்ந்த சோயா பயறு 30 கிராமில் 40 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கும். இரவே ஊறவைத்துச் சுண்டல் செய்யலாம், அடைக்கு அரைக்கலாம். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். பலன் இல்லாவிட்டாலும் புரதம் மிச்சம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சோயா மாத்திரைகளைத் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ஆளி விதை சூட்டுக்கு உதவுமா என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வில் போலிப் பண்டத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. மலச்சிக்கலுக்கு நல்லது, அதற்காகப் பொடித்துச் சாப்பிடுங்கள். மீன் எண்ணெய் மாத்திரையும் சூட்டில் தோற்றது. பிளாக் கோஹோஷ் வட அமெரிக்கச் செடி. ஆய்வு முடிவுகள் முன்னுக்குப் பின் முரண், அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. அவ்வளவு விலை கொடுத்து வாங்க நியாயம் தெரியவில்லை. சதாவரி என்று விற்கும் நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு மரபில் பெரிய பெயர் உண்டு. பெரிமெனோபாஸ் சூட்டுக்கான நல்ல ஆய்வுகள் மிகக் குறைவு.

சூடு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வந்து வேலையைக் கெடுக்கிறது என்றால் மூலிகைக் கடையில் காலம் கடத்தாதீர்கள். ஹார்மோன் சிகிச்சைதான் இதற்கு நன்றாகக் கேட்கும் மருந்து. 2002-ல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு உலகமே அதைக் கண்டு பயந்தது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு லாப நட்டக் கணக்கு வேறு. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன.

*மனது ஓடினால்*

அமுக்கரா கிழங்கு, அதாவது அஸ்வகந்தா, தூக்கத்துக்கும் மனப்பதற்றத்துக்கும் ஓரளவு கேட்கிறது என்று சிறு சிறு ஆய்வுகள் சொல்கின்றன. பெரிமெனோபாஸ் பெண்களிடமே இந்தியாவில் நடந்த எட்டு வார ஆய்வொன்றில் வேர்ச் சாரம் 300 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை கொடுத்தபோது தொல்லைகள் குறைந்தன. 100 பேரை வைத்து நடந்த சின்ன ஆய்வுதான் அது.

நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் மூன்று விதமாகத் தருவார்கள். வெறும் கிழங்குப் பொடி, சித்த மருந்தான அமுக்கரா சூரணம், சாரம் அடைத்த மாத்திரை. மூன்றும் வேறு வேறு. சூரணத்தில் அமுக்கராவோடு சுக்கு, மிளகு, திப்பிலி, கிராம்பு, ஏலம் எல்லாம் உண்டு, சர்க்கரையும் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் டப்பாவின் பின்புறத்தைப் படிக்காமல் ஸ்பூன் ஸ்பூனாகப் பாலில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். மிளகும் திப்பிலியும் வேறு மருந்துகள் உடம்பில் சேரும் அளவைக் கூட்டக்கூடியவை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆய்வில் சொன்ன 300 மில்லிகிராம் செறிவூட்டிய சாரத்துக்கானது. அதைச் சூரணத்துக்குப் பொருத்திக் கணக்குப் போட முடியாது. சூரணம் வேண்டும் என்றால் சித்த மருத்துவர் சொல்லும் அளவில் சாப்பிடுங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

யார் தொடக்கூடாது? தைராய்டு கூடியவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள். கடைசியாகச் சொன்னதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். மாதவிடாய் முழுதாக நிற்கும்வரை கரு தங்கலாம். தைராக்சின் (தைராய்டு குறைவுக்கான மாத்திரை), தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பு வருகிறது. டென்மார்க் 2023-ல் இதன் விற்பனையைத் தடை செய்தது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மெக்னீசியம் இப்போது நாகரிகம். தூக்கத்துக்கு அதன் ஆதாரம் மெல்லியது, ஆனாலும் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை. கிளைசினேட் வயிற்றுக்குச் சாது. சிட்ரேட் பேதியாக்கும், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அதுவே வசதி. ஆக்சைடு விலை குறைவு, உறிஞ்சப்படுவதும் குறைவு. டப்பாவின் முன்பக்கம் "மெக்னீசியம் கிளைசினேட் 500 மில்லிகிராம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதில் நிஜமான மெக்னீசியம் 14 சதவீதம், அதாவது 70 மில்லிகிராம்தான். பின்பக்கப் பொடி எழுத்தில் "தனிம மெக்னீசியம்" எவ்வளவு என்று தேடுங்கள். மாத்திரை வழியாக நாளுக்கு 350 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். ஒரு கைப்பிடி பூசணி விதையிலேயே 150 மில்லிகிராம் அளவு கிடைத்துவிடும்.

மெலடோனின் மூலிகை கிடையாது, ஹார்மோன். நள்ளிரவுக்கு மேலும் தூக்கம் வராமல் புரளுபவர்களுக்குத் தூங்கும் நேரத்தை முன்னே இழுக்கக் குறைந்த அளவில் உதவலாம். மூன்று மணிக்கு விழித்துக்கொள்பவர்களுக்குப் பெரிதாகப் பலன் தராது. மிட்டாய் வடிவில் வருவதை நம்பாதீர்கள்: 2023-ல் அமெரிக்காவில் சோதித்த 25 தயாரிப்புகளில் 22-ல் உள்ளே இருந்த அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை.

பாட்டி வைத்தியத்தில் ஜாதிக்காய்ப் பால் உண்டு. கத்தி நுனியில் எடுக்கும் சிட்டிகையோடு நிற்பதுவரை சரி. ஒரு முழுக் காய் 5 கிராம் அளவு இருக்கும். அவ்வளவும் உள்ளே போனால் நஞ்சு. படபடப்பு, மனக்குழப்பம், இல்லாதது தெரிவது வரை கொண்டுபோகும். கசகசாப் பாலும் சிலர் வீட்டில் வழக்கம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகளுக்குத் தூக்கம் வரட்டும் என்று கசகசாவைப் பொட்டலம் கட்டி அனுப்பிவிடாதீர்கள். அங்கெல்லாம் அது தடை செய்யப்பட்ட பொருள்.

நான்காம் படி: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

உணவுச் சப்ளிமென்ட் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். சித்தா, ஆயுர்வேத மருந்து என்றால் மருந்து உற்பத்தி உரிம எண், தொகுப்பு எண், காலாவதித் தேதி. செடியின் எந்தப் பாகம் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்; அமுக்கரா என்றால் வேர், இலை கலந்தது வேண்டாம். லேபிளே இல்லாமல் பாலித்தீன் கவரில் கட்டித்தரும் "வைத்தியரின் ரகசியப் பொடி" எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் அரசின் மருந்து நிறுவனமான டாம்ப்கால், 1944-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனமான இம்காப்ஸ் போன்றவற்றின் சரக்கு எளிதாகவே கிடைக்கிறது.

ஐந்தாம் படி: மணிக்கணக்கு

நம் வீடுகளில் இந்த வயதில் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் பலர் உண்டு. அதிகாலை வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு, கையோடு கால்சியமும் இரும்பும் விழுங்கினால் தைராக்சின் உடம்பில் சேராது. கால்சியம், இரும்பு, மெக்னீசியம் மூன்றையும் தைராய்டு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். சோயாவையும் காலையில் வேண்டாம். ஒரு வசதியான ஏற்பாடு: காலை ஆறுக்குத் தைராக்சின், பதினொரு மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், படுக்கும் முன் மெக்னீசியம். கால்சியத்தைப் பொறுத்தவரை முதலில் கேழ்வரகைப் பாருங்கள். 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவர்கள், புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் தாங்களாக எந்த மூலிகையும் தொடங்கக்கூடாது.

ஆறாம் படி: ஒரு நேரத்தில் ஒன்று

ஒன்றைத் தொடங்கினால் எட்டு வாரம் அதை மட்டும் பாருங்கள். நோட்டை நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு வாரத்து விழிப்புகளையும் கடைசி இரண்டு வாரத்து விழிப்புகளையும் எண்ணிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். டப்பா மீதமிருக்கிறதே என்று தொடர வேண்டாம். நாலைந்தை ஒரே கலவையாக அடைத்து "பெண்களுக்கான மெனோபாஸ் காப்ஸ்யூல்" என்று விற்பதை நான் வாங்கச் சொல்லமாட்டேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

இதற்கிடையே, எந்தச் சப்ளிமென்ட்டையும்விடத் தூக்கத்துக்கு ஆதாரம் பலமாக உள்ள ஒன்றையும் செய்து பாருங்கள்: தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை. சூட்டோடு தூக்கமும் கெட்ட பெண்களிடம் போனிலேயே கற்றுக்கொடுத்து வெற்றி கண்டிருக்கிறார்கள். அதன் சாரம் இதுதான். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றே. தூக்கம் கண்ணைச் சுழற்றினால்தான் படுக்கைக்குப் போக வேண்டும். இருபது நிமிடமாகத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வெளி அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, மறுபடி சொக்கியபின் திரும்ப வேண்டும். மணியைப் பார்க்கக்கூடாது, போனைத் தொடக்கூடாது. பகல் தூக்கம் கிடையாது. முதல் வாரம் கொடுமையாக இருக்கும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் பிடிபடும். கைக்கு எட்டினால் உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் போக்கு, இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலோ உறவுக்குப் பின்னோ ரத்தம், 12 மாதம் நின்றபிறகு ஒரு சொட்டு வந்தாலும்கூட. எடை தானாகக் குறைந்து இரவில் வியர்த்தால் காசநோய் உட்பட வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோடு வியர்வை வந்தால் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழையுங்கள். வாழ்வே வேண்டாம் என்று மனது சொல்ல ஆரம்பித்தால் அதையும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், 104-லும் பேசலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நோட்டையும், வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள், சூரண டப்பாக்கள், பொடிப் பொட்டலங்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். "வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டால் பலர் நாட்டு மருந்தைச் சொல்வதில்லை, அதை மருந்தாகவே நினைப்பதில்லை. கருப்பையை எடுக்கச் சொல்லியிருந்தால், அது ஒன்றுதான் வழியா என்று இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால் அமுக்கரா உள்ளிட்ட மூலிகைகளைச் சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.